வேலியோரத்து விருந்தாளி

கச்சான் காற்று ஓய்ந்து, கீழ்வானம் கறுக்கத் தொடங்கும் நாட்களில் நம் வளவு வேலிக்குள்ளிருந்து ஒரு சத்தம் கேட்கத் தொடங்கும். "செக்... செக்..." என்று, இரண்டு கூழாங்கற்களை மெல்லத் தட்டினாற் போன்ற சத்தம். சுபஹுக்குப் பின் முற்றம் கூட்டுகின்றவர்களும், கிணற்றடியில் பாத்திரம் கழுவுகின்றவர்களும் இதனைப் பலமுறை கேட்டிருப்பார்கள். பல்லியாக்கும், ஓணானாக்கும் என்று எண்ணி வேலையைத் தொடர்ந்திருப்பார்கள்.

சகோதரிகளே, அது பல்லியுமில்லை, ஓணானுமில்லை. ஏறத்தாழ 5,000 கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து இரவிரவாகப் பறந்து வந்து, நம்முடைய கிளிசரியா வேலியில் குடியேறியிருக்கும் ஒரு சின்னஞ்சிறு குருவி அது. பறவை நூல்கள் இதனைக் கதிர்குருவி என்கின்றன. நாம் வெறுமனே 'குருவி' என்று சொல்லிவிட்டுப் போகின்ற பழுப்பு நிறப் பறவைகளுள் ஒன்று.

மட்டக்களப்பு வாவிக்கு வரும் வெளிநாட்டுப் பறவைகள் என்றதும் கூட்டம் கூட்டமாக நீரில் மிதக்கும் தாராக்களும், சேற்றில் நடக்கும் உள்ளான்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. அவற்றைப் பார்க்க வாவிக்கரைக்குப் போகவேண்டும். கதிர்குருவியைப் பார்க்க எங்கும் போகவேண்டியதில்லை. குசினி யன்னலைத் திறந்தாலே போதும். ஆனாலும் நம்மில் மிகப் பெரும்பாலோர் இதனை ஒருமுறையேனும் பார்த்ததில்லை.

இரண்டு மூன்று தேக்கரண்டிச் சீனி

நம் வேலிகளுக்கு வரும் கதிர்குருவிகளில் அதிகம் காணக்கூடியது பிளைத் நாணல் கதிர்குருவி என்பதாகும். 19ஆம் நூற்றாண்டில் கல்கத்தாவிலிருந்த ஆசியக் கழகத்தின் நூதனசாலைக்குப் பொறுப்பாக இருந்த எட்வர்ட் பிளைத் என்பவர் 1849இல் இதனை முதன்முதலாக விவரித்து எழுதினார். அதனாலேயே அவருடைய பெயர் இதற்கு நிலைத்தது.

அலகு நுனியிலிருந்து வால் நுனி வரை அளந்தால் 13 சென்ரிமீற்றர் அளவு இருக்கும். நிறை 10 முதல் 12 கிராம். தேநீருக்குப் போடும் சீனியில் இரண்டு மூன்று தேக்கரண்டியை உள்ளங்கையில் கொட்டிப் பாருங்கள். எலும்பு, தசை, இறகு, இதயம் எல்லாம் சேர்ந்து அவ்வளவுதான்.

முதுகு ஒரே சீரான மங்கிய பழுப்பு. வயிறு அழுக்கு வெள்ளை. கண்ணுக்கு மேலே மெல்லியதாக ஒரு வெளிர் கோடு. கொண்டையுமில்லை, புள்ளியுமில்லை, வண்ணமுமில்லை. கிளி, மீன்கொத்தி, மாங்குயில் ஆகியவற்றைப் போலக் கண்ணைப் பறிக்கும் எதுவும் இதனிடம் இல்லை. இதனால்தான் இத்தனை காலமும் வேலிக்குள் இருந்தும் நம் கண்ணில் படாமல் போயிற்று.

இக்குருவி முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது வெகு வடக்கே. பின்லாந்து, எஸ்தோனியா தொடங்கி ரஷ்யா, மேற்குச் சைபீரியா, கஸகஸ்தான் முதலிய மத்திய ஆசிய நாடுகள் வரை பரந்துள்ள புதர் நிலங்களும் காட்டோரங்களும் அதன் பிறந்தகம். கஸகஸ்தானின் தலைநகர் அஸ்தானாவிலிருந்து மட்டக்களப்புக்கு நேர்கோட்டில் அளந்தால் ஏறத்தாழ 4,900 கிலோமீற்றர். பின்லாந்திலிருந்து வரும் குருவியாயின் 7,000 கிலோமீற்றருக்கும் அதிகம்.

இரவிலே பயணம், வானத்திலே வரைபடம்

வடக்கே கோடை முடியும்போது பூச்சிகள் குறையத் தொடங்கும். கதிர்குருவிக்குத் தானியம் உணவாகாது. பூச்சி, புழு, சிலந்தி ஆகியவையே அதன் ஆகாரம். பனி விழுந்தால் பட்டினிதான். ஆகவே பனி வருமுன்பே, ஆகஸ்ட் மாதத்திலேயே, அது பயணத்துக்கு ஆயத்தமாகிவிடுகிறது.

ஆயத்தம் என்றால் சாப்பாடுதான்! தூரப் பயணம் போகும் சிறு பறவைகள் புறப்படுமுன் இரவு பகலாக உண்டு உடலில் கொழுப்பைச் சேமிக்கின்றன. சில இனக் கதிர்குருவிகளில் உடல் நிறை ஏறத்தாழ இரட்டிப்பாகும் என ஆய்வாளர்கள் நிறுத்துப் பார்த்துக் கண்டுள்ளனர். இந்தக் கொழுப்பே வழியில் எரிபொருள். இடையிடையே இறங்கி, சில நாள் தங்கி, மறுபடியும் உண்டு கொழுத்துப் பறக்கும்.

பயணம் பெரும்பாலும் இரவில். இரவில் காற்று குளிர்ந்திருக்கும். வல்லூறு, பைரி போன்ற வேட்டைப் பறவைகளின் தொல்லையும் குறைவு. பகலில் புதருக்குள் இறங்கி இரை தேடலாம். இருட்டில் வழி தெரிவது எப்படி? 1950களில் ஜேர்மனியில் பிரான்ஸ் சவர் என்பவரும் அவருடைய மனைவி எலியோனோரும் இதனை ஆராய்ந்தார்கள். கூண்டில் வளர்த்த கதிர்குருவிகளைக் கோளரங்கத்துக்குள் வைத்து, விளக்கொளியால் உண்டாக்கிய செயற்கை வானத்தைக் காட்டினார்கள். குருவிகள் அந்த நட்சத்திரங்களைப் பார்த்து, தம் இனம் பறந்து செல்லும் திசைக்கே முகத்தைத் திருப்பின. பூமியின் காந்தப் புலத்தையும் பறவைகள் உணர்ந்து திசை அறிகின்றன என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின.

இதில் தாய்மார் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. அந்த ஆண்டு ஜூனிலே பொரித்த குஞ்சு, தாயும் தகப்பனும் வழிகாட்டாமலே முதற் பயணத்தைச் செய்கிறது. முன்பு காணாத நாட்டுக்கு, முன்பு காணாத வழியில், தன்னந்தனியாக வந்து சேர்கிறது. எந்தத் திசையில், எவ்வளவு காலம் பறக்கவேண்டும் என்பது அதனுள்ளேயே பதிக்கப்பட்டிருக்கிறது. படைத்தவனின் ஏற்பாட்டை எண்ணி வியக்க இதைவிட வேறென்ன வேண்டும்?

மத்திய ஆசியாவைக் கடந்து, இந்தியாவின் வடமேற்கால் நுழைந்து, தெற்கு நோக்கி இறங்கி வரும் குருவிகளில் ஒரு பகுதி இந்தியாவிலேயே தங்கிவிடும். இன்னொரு பகுதி கடல் தாண்டி இலங்கைக்கு வரும். தமிழ்நாட்டுக் கோடியக்கரைக்கும் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கும் இடையில் ஏறத்தாழ 50 கிலோமீற்றர் கடல்தான். கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல்லாண்டுகளாகப் பறவைகளைப் பிடித்து, காலில் இலக்கமிட்ட வளையம் பூட்டி விடுவித்து, அவை போகுமிடங்களை அறிய முயன்று வந்துள்ளார்கள்.

இலங்கைக்கு வந்த குருவிக்கு அதற்கப்பால் போவதற்கு நிலமில்லை. தெற்கே அந்தாட்டிக்கா வரை சமுத்திரமே. வடக்கிலிருந்து வரும் பறவைகளின் பாதையில் நம் தீவு கடைசித் தரிப்பிடம். இங்கு இடம் கிடைக்காவிட்டால் அடுத்த ஊர் என்று ஒன்று அதற்குக் கிடையாது.

வாவிக்கரையில் என்ன இருக்கிறது?

நமது வாவி ஏறாவூர், செங்கலடிப் பக்கத்திலிருந்து கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் அது கடலோடு கலக்கிறது. நல்ல நீரும் உப்பு நீரும் சேர்வதால் கரையோரங்களில் கண்டல் மரங்கள் வளர்கின்றன. எழுவான்கரையில் தென்னந்தோட்டங்களும் நெருக்கமான ஊர்களும். படுவான்கரையில் வயல்களும் குளங்களும் பற்றைக் காடுகளும்.

குருவிகள் வந்து சேரும் காலமும் நம் நாட்டில் மழை தொடங்கும் காலமும் பொருந்திவருகின்றன. ஒக்டோபரில் மழை விழ, பெரும்போக வயல் பச்சை பிடிக்க, காய்ந்து கிடந்த வேலிகள் தளிர்க்க, பூச்சிகளும் புழுக்களும் பெருகுகின்றன. வடக்கே சாப்பாடு முடியும் வேளையில் இங்கே பந்தி விரிக்கப்படுகிறது.

நம் பக்கத்துக்கு வருகின்றவை ஒரே இனமல்ல. வேலி, செடி, தாழ்ந்த பற்றைகளில் பிளைத் நாணல் கதிர்குருவி. மா, வேம்பு, புளி போன்ற உயர்ந்த மரங்களின் இலைக் கூட்டத்துக்குள் இரண்டு வகை இலைக்கதிர்குருவிகள் வரும். அவற்றில் ஒன்றான பச்சைக் கதிர்குருவி துருக்கியின் வடகிழக்கு, ஜோர்ஜியா, அசர்பைஜான், வட ஈரான் ஆகிய கோக்கசுப் பகுதிகளிலிருந்து வருகிறது. மற்றொன்று பெரிய அலகு இலைக்கதிர்குருவி. அது இமயமலைச் சாரலிலிருந்து வருகிறது. இரண்டும் பச்சை கலந்த நிறமுடையவை. இலையோடு இலையாகத் திரிவதால் கண்டுபிடிப்பது கடினம்.

வெளிநாடு போகாமல் நாணலிலும் பன்னிலும் இங்கேயே வாழும் உறவினர் ஒருவரும் உண்டு. அவர்தான் பெரிய நாணல் கதிர்குருவி. உருவத்திலும் பெரியது, குரலிலும் முரடு. பன் வெட்டப் போகின்றவர்களும், பன்பாய் இழைக்கும் குடும்பத்தினரும் குளக்கரைப் பன்னுக்குள்ளிருந்து "கறட் கறட்" என்று ஓயாமல் கத்தும் ஒரு குருவியைக் கேட்டிருக்கக் கூடும். இதே இனம் எகிப்தின் நைல் நதிக் கழிமுகத்து நாணல்களிலும் வாழ்கின்றது.

இது எந்த நாட்டுக் குருவி?

'வெளிநாட்டுப் பறவை' என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிளைத் நாணல் கதிர்குருவி தன் பிறந்தகத்தை அடைவது மே மாதத்தின் பிற்பகுதியில். கூடு கட்டி, முட்டையிட்டு, குஞ்சை வளர்த்து, ஆகஸ்டில் புறப்பட்டுவிடும். ஆக, அங்கு கழிப்பது இரண்டு மூன்று மாதம். போக வர வழியில் சில மாதம். நம் பக்கத்தில் இருப்பதோ ஒக்டோபர் தொடங்கி ஏப்ரல் வரை, ஏழு மாதம். ஆயுளில் பாதிக்கு மேல் இந்தியாவின், இலங்கையின் வேலிகளில்தான் கழிகிறது. தாய்வீட்டை விட நம் வீட்டில் அதிக காலம் இருப்பவரை விருந்தாளி என்பதா, குடும்பத்தவர் என்பதா?

இன்னும் ஒன்று. தேய்ந்துபோன சிறகுகளை உதிர்த்துப் புதுச் சிறகுகளை முளைப்பிப்பதும் இங்கே தங்கியிருக்கும் மாதங்களில்தான். ஏப்ரலில் கஸகஸ்தானுக்குத் தூக்கிச் செல்லும் சிறகுகள், நம் செவ்வரத்தைச் செடியின் புழுவையும் முருங்கையின் அழுக்கணவனையும் தின்று வளர்ந்தவை.

வந்த குருவி ஊரெல்லாம் அலைந்து திரிவதுமில்லை. வேலியில் ஒரு துண்டு, புதரில் ஒரு பகுதி என்று தனக்கென ஓர் எல்லையை வகுத்துக்கொண்டு, மற்றக் குருவி நுழைந்தால் "செக் செக்" என்று அதட்டித் துரத்தும். நாம் கேட்கும் சத்தம் அந்த எல்லைக் காவல்தான். இலைக்கதிர்குருவிகளும் அப்படியே. தமிழ்நாட்டின் களக்காடு - முண்டந்துறைக் காடுகளில் மதுசூதன் கட்டி எனும் ஆய்வாளர் 1990களில் அவற்றின் குளிர்கால வாழ்க்கையை ஆராய்ந்தார். ஒவ்வொரு குருவிக்கும் தனித்தனி மரப்பகுதி உண்டென்பதும், நாளின் பெரும்பகுதியை அது இலை இலையாகப் பூச்சி தேடுவதிலேயே செலவிடுகின்றது என்பதும் இத்தகைய ஆய்வுகளால் தெரியவந்தவை.

இதனால் நமக்கு விளங்குவது என்ன? ஒரு வேலியை வெட்டினால் அதிலிருந்த குருவி பக்கத்து வேலிக்குப் போய்விடும் என்று சொல்ல முடியாது. பக்கத்து வேலியில் ஏற்கனவே ஒருவர் இருக்கிறார். இடம் தர மாட்டார்.

ஒரு சிட்டுக்குருவி வளர்த்த மனிதர்

பறவை பார்ப்பது வெள்ளைக்காரர் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் நம்மிடையே உண்டு. இலங்கைப் பறவைகளைப் பற்றி முதலில் விரிவாக எழுதியவர்கள் அவர்கள்தாம் என்பது உண்மையே. பிரித்தானியப் பீரங்கிப் படை அதிகாரியான வின்சென்ட் லெக்கின் பெருநூல் 1880இல் நிறைவடைந்தது. கொழும்பு நூதனசாலையில் பணியாற்றிய ஜீ. எம். ஹென்றியின் கைநூல் 1955இல் வந்தது.

ஆனால் இந்தியத் துணைக்கண்டம் முழுவதற்கும் பறவைகளைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் பம்பாய் முஸ்லிம் குடும்பமொன்றின் கடைக்குட்டிப் பிள்ளை. சாலிம் அலி 1896 நவம்பர் 12இல் பிறந்தார். சிறு வயதிலேயே தாயையும் தந்தையையும் இழந்தார். மாமா அமீருத்தீன் தையப்ஜியும் மாமி ஹமீதா பேகமும் வளர்த்தார்கள். சிறுவனாக இருந்தபோது விளையாட்டுத் துப்பாக்கியால் சுட்ட குருவியொன்றின் தொண்டையில் மஞ்சள் திட்டு இருப்பதைக் கண்டு, இது என்ன குருவி என்று கேட்டார். மாமா அவரைத் துரத்திவிடவில்லை. ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லாட் என்பவரிடம் அனுப்பினார். அந்த ஒரு கேள்வியிலிருந்து ஒரு வாழ்நாள் பிறந்தது. 1941இல் வெளியான அவருடைய இந்தியப் பறவைகள் நூல் பல பதிப்புகள் கண்டது. கள ஆய்வுகள் பலவற்றில் கூடவே சென்று உதவியவர் மனைவி தஹ்மினா. 1987இல் தொண்ணூறு வயதில் அவர் காலமானார்.

பிள்ளை ஒரு செத்த குருவியைக் கையில் கொண்டுவந்து "இது என்ன?" என்று கேட்டால் நாம் என்ன சொல்கிறோம்? "சீ, கையைக் கழுவு!" கழுவத்தான் வேண்டும். கழுவிவிட்டு வந்தபின் கேள்விக்கும் ஒரு பதிலைத் தேடிக் கொடுக்கலாமே.

பார்ப்பது எப்படி?

போரின் ஆண்டுகளில் விடியலிலும் அந்தியிலும் வாவிக்கரைக்குப் போவது நினைத்துப் பார்க்கவும் முடியாததாக இருந்தது. 2009க்குப் பின் அந்த அச்சம் நீங்கியது. காத்தான்குடி ஆற்றங்கரையிலும், ஏறாவூர் வாவியோரத்திலும், கல்லடி, மண்முனைப் பாலங்களின் அருகிலும் காலையிலும் மாலையிலும் குடும்பமாகக் காற்று வாங்கப் போகலாம். போகும்போது கண்டல் மரங்களையும் கரையோரப் பற்றைகளையும் சற்றுக் கவனியுங்கள். ஆனால் இக்குருவிக்குச் சிறந்த இடம் சொந்த வளவுதான்.

சுபஹுக்குப் பின் ஒன்றிரண்டு மணித்தியாலமும், அஸருக்குப் பின் சிறிது நேரமும் நல்லவை. முதலில் காது, பிறகுதான் கண். "செக்" என்ற சத்தம் வரும் இடத்துக்கு நேரே, பத்துப் பதினைந்து அடி தள்ளி, அசையாமல் நில்லுங்கள். குருவி வேலியின் அடிப்பகுதியில், கிளைக்குக் கிளை தாவித் தாவி வரும். ஒரு கணம் வெளியே தெரியும், மறுகணம் மறையும். தொலைநோக்கி இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் பரவாயில்லை.

தையற்குருவியோடு இதனைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. தையற்குருவி வாலைச் செங்குத்தாகத் தூக்கிக்கொண்டு திரியும், நெற்றி செந்நிறமாக இருக்கும், குரல் உரத்தது. ஆண்டு முழுவதும் நம்மோடு இருக்கும். கதிர்குருவி வாலைத் தூக்காது. தலையிலே செம்மை இராது. மே மாதத்தில் வேலி மௌனமாகிவிடும்.

மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் இன்னும் கூர்ந்து கேளுங்கள். புறப்படும் நாள் நெருங்கும்போது சில ஆண் குருவிகள் மெல்லிய குரலில் முணுமுணுப்பாகப் பாடிப் பார்க்கும். பிற பறவைகளின் குரலைப் போலவே பாடிக் காட்டுவதில் வல்லது இவ்வினம். முழுக் கச்சேரி வடக்கே நடக்கும். ஒத்திகை மட்டும் நமக்கு!

பிள்ளைகளிடம் ஒரு கொப்பியைக் கொடுத்து மூன்று விடயங்களை எழுதச் சொல்லுங்கள்: முதன்முதல் சத்தம் கேட்ட திகதி, கடைசியாகக் கேட்ட திகதி, வேலியில் எந்த இடம். கைத்தொலைபேசியில் சத்தத்தைப் பதிந்தும் வைக்கலாம். ஐந்து வருடம் விடாமல் எழுதினால் அது விலைமதிப்புள்ள குறிப்பாகும். கொழும்புப் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு 1976இல் தொடங்கப்பட்ட இலங்கைக் களப் பறவையியல் குழு போன்ற அமைப்புகள் இத்தகைய குறிப்புகளைக் கொண்டே பறவைகளின் வரவு செலவை அறிகின்றன. மே, ஒக்டோபர் மாதங்களின் இரண்டாம் சனிக்கிழமை உலக வலசைப் பறவைகள் தினம். பாடசாலைகளில் இதனைத் தொடங்க அது பொருத்தமான நாள்.

வேலியா, மதிலா?

இப்போது விடயத்துக்கு வருவோம்.

இந்தக் குருவியினம் உலகில் அழிந்துபோகும் நிலையில் இல்லை. ஐரோப்பாவில் கடந்த நூற்றாண்டில் அது மேற்கு நோக்கிப் பரவியும் இருக்கிறது. ஆபத்தில் இருப்பது நம் ஊரில் அதற்கிருந்த இடம்.

முன்பெல்லாம் வளவுக்கு வளவு உயிர்வேலி இருந்தது. கிளிசரியா, பூவரசு, கிளுவை, முள்முருக்கு, மருதோன்றி, இடையிடையே கிடுகு. 1978 நவம்பர் சூறாவளி தென்னைகளைச் சாய்த்தபோதும் வேலிக் கதியால்கள் மீண்டும் தளிர்த்தன. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பின்னும், போர் முடிந்த பின்னும் கல்வீடுகள் எழுந்தன. அவற்றோடு மதில்களும் எழுந்தன. காத்தான்குடி போன்ற ஊர்கள் இலங்கையிலேயே மிக நெருக்கமாக மக்கள் வாழும் இடங்கள். ஓர் அடி நிலமும் பெறுமதியானது. இரண்டடி அகலத்துக்கு வேலி படர்ந்திருப்பதைவிட ஆறு அங்குல மதில் இலாபம் என்று தோன்றுவது இயல்பே. வாவிக்கரையிலும் கண்டல் வெட்டப்பட்டது, கரை நிரப்பப்பட்டது, குப்பை கொட்டப்பட்டது. 2015இல் இலங்கை முழுவதுமுள்ள கண்டல் காடுகளைப் பாதுகாக்கும் பெருந்திட்டம் தொடங்கியபோது, கரையோரப் பெண்களுக்குத் தொழிற்பயிற்சியும் சிறுகடனும் கொடுத்து அவர்களையே காவலர்களாக்கியது குறிப்பிடத்தக்கது. வீட்டு வேலிக்கு அப்படியான திட்டம் எதுவுமில்லை. அதற்குக் காவல் வீட்டுக்காரிதான்.

மதில் வைப்போரின் நியாயங்களையும் கேட்க வேண்டும். முதலாவது, மறைப்பு. பெண்கள் முற்றத்தில் தாராளமாக நடமாட வேலியை விட மதில் வசதி. உண்மை. இரண்டாவது, எல்லைச் சண்டை. கதியால் ஆண்டுக்கு ஆண்டு நகர்ந்துவிடும் என்ற பேச்சு எந்த ஊரில் இல்லை? அதுவும் உண்மை. மூன்றாவது, டெங்கு. வேலியில் நுளம்பு பெருகும் என்கிறார்கள். இது மட்டும் தவறான எண்ணம். டெங்கு நுளம்பு முட்டையிடுவது தேங்கிய தெளிந்த நீரில். சிரட்டை, ரின், ரயர், பூச்சாடித் தட்டு, அடைபட்ட பீலி ஆகியவற்றில். வேலியடியில் எறியப்பட்ட யோகட் கோப்பைதான் குற்றவாளி, வேலியல்ல. கோப்பையைப் பொறுக்குங்கள், வேலியை விட்டுவிடுங்கள்.

மதில் இருந்தாலும் குருவிக்கு இடம் வைக்கலாம். மதிலுக்கு உட்புறமாக ஒரு வரிசைச் செடி போதும். மருதோன்றி, செவ்வரத்தை, மாதுளை, கறிவேப்பிலை, முருங்கை. இவற்றில் வீட்டுக்கு உதவாதது எது? மருதோன்றி பெருநாளைக்கு, கறிவேப்பிலை குசினிக்கு, குருவி செடிக்கு. இலையை அரிக்கும் பூச்சியை அது நாள் முழுவதும் பொறுக்கித் தின்னும். கடையில் வாங்கும் பூச்சிமருந்தை அடித்தால் பூச்சியும் போகும், குருவியின் சாப்பாடும் போகும், கறிவேப்பிலையோடு மருந்து நம் சட்டிக்கும் வரும்.

இன்னும் சில காரியங்கள் நம் கையில் உள்ளன. ஆட்டுக்குக் குழை வெட்டும்போது வேலி முழுவதையும் ஒரே நாளில் மொட்டையடிக்காமல், பாதியை இம்மாதமும் மீதியை அது தளிர்த்த பின்னும் வெட்டலாம். ஒக்டோபர் முதல் ஏப்ரல் வரை இது மிக முக்கியம். வேலியடிச் சருகைக் கொளுத்தாமல் செடிக்கே பசளையாக விடலாம். வெயில் காலத்தில் ஆழமில்லாத மண்சட்டியில் தண்ணீர் வைக்கலாம். ஆனால் நாள்தோறும் ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் மாற்ற வேண்டும். பிள்ளைகளின் கையிலுள்ள கெட்டப்போலை வாங்கி வைக்கலாம். 1937ஆம் ஆண்டின் வன சீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புச் சட்டத்தின்படி இப்பறவைகளைக் கொல்வது குற்றம். பத்துக் கிராம் குருவியில் இறைச்சியும் இல்லை. அடித்து விழுத்தும் அந்த ஒரு நொடிப் பெருமைதான்.

நட்ட மரத்திலிருந்து பறவை உண்பதும் நட்டவருக்குத் தர்மமாக எழுதப்படும் என்பதை நம் பிள்ளைகள் மதரசாவில் படிக்கிறார்கள். அதனைச் செய்து பார்க்கும் இடம் வளவு.

நம் பகுதியில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்கே எழுதிக் கொடுக்கப்படுவது தலைமுறை தலைமுறையான வழக்கம். அதனால் சிரமங்களும் உண்டு. அதைப் பற்றி இப்பக்கங்களில் வேறொரு நாள் பேசலாம். ஆனால் அதன் பயனாக, வேலியை வைப்பதா எடுப்பதா என்ற தீர்மானத்தில் கடைசிச் சொல் உறுதிக்காரியான பெண்ணுடையது. மகளுக்கு வீடு கட்டும்போது வரைபடத்தில் அறை எத்தனை, மண்டபம் எவ்வளவு என்று பார்க்கிறோம். மேசனிடம் இன்னொன்றையும் சொல்லி வையுங்கள். மதிலின் உட்பக்கமாக மூன்றடி மண்ணைச் சீமெந்து பூசாமல் விடட்டும். அதில் முதல் மருதோன்றிக் கம்பை மாரி தொடங்குமுன் ஊன்றிவிடுங்கள். கம்பு வேர்பிடித்துக் கிளைவிட ஒன்றிரண்டு மாரி செல்லும். அதன்பின் ஏதோவோர் ஒக்டோபர் விடியலில் அங்கிருந்தும் "செக்" என்ற அந்தச் சத்தம் வரும்.